நம் காசு எங்கே போய்ச் சேருகிறது? அமெரிக்கக் கறுப்பின மக்களின் கடைத்தெருப் போராட்டம் தரும் பாடம்

(தொழிலாளர் குடும்பங்கள் கலந்துகொண்ட ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உரிமைப் போராட்டம் என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? மகஜர் கொடுப்பது, ஊர்வலம் போவது, வழக்குப் போடுவது, தேர்தலில் ஓட்டுப் போடுவது. இவையெல்லாம் எப்போதோ ஒரு நாள் செய்கிற காரியங்கள். ஆனால் அரிசியும் பருப்பும் எண்ணெயும் வாங்குவது வாரா வாரம் நடப்பது. முடி வெட்டுவதும் சட்டை தைப்பதும் மாதா மாதம் நடப்பது. கல்யாணம், காதுகுத்து, தீபாவளி என்றால் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான வெள்ளி கைமாறுகிறது. இந்தக் காசு நம் கையை விட்டுப் போன பிறகு யாரிடம் போகிறது, அங்கிருந்து எங்கே போகிறது, அதில் ஒரு பங்காவது நம் பிள்ளைகளின் வேலையாகத் திரும்பி வருகிறதா? இந்தக் கேள்வியை நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வருகிற ஒரு மக்கள் கூட்டம் இருக்கிறது. அவர்கள்தான் அமெரிக்காவின் கறுப்பின மக்கள்.

அங்கே "கறுப்பினத்தவர் கடையில் வாங்குவோம்" என்பது இன்று வீட்டுக்கு வீடு தெரிந்த பேச்சு. அது எப்படிப் பிறந்தது, என்ன சாதித்தது, எங்கே தோற்றது என்பதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன். வெற்றியை மட்டும் சொல்லிவிட்டுப் போக மாட்டேன். தோல்வியிலும் நமக்குப் பாடம் இருக்கிறது.

கையில் காசு, கடையில் இடமில்லை

அமெரிக்காவில் அடிமை முறை 1865-ல் சட்டப்படி ஒழிந்தது. கறுப்பின மக்கள் முதல்முறையாகத் தங்கள் உழைப்புக்குத் தாங்களே கூலி வாங்கினார்கள். அந்தக் கூலியைச் சேமிக்க அதே 1865-ல் ஒரு சேமிப்பு வங்கி திறக்கப்பட்டது. அது அரசாங்கமே பொறுப்பேற்ற வங்கி என்று பலர் நம்பினார்கள். ஆனால் அதை நடத்தியவர்கள் மக்கள் போட்ட பணத்தைத் தவறான இடங்களில் கடனாகக் கொடுத்தார்கள். 1874-ல் வங்கி மூடப்பட்டது. 60 ஆயிரத்துக்கும் அதிகமானோரின் பணம் உள்ளே சிக்கியது. பருத்திக் காட்டிலும் துணி வெளுத்தும் சேர்த்த காசு அது. பலருக்கு அது முழுதாகத் திரும்பி வரவே இல்லை.

அதற்குப் பின் தென் மாநிலங்களில் நிறப் பாகுபாட்டுச் சட்டங்கள் வந்தன. பள்ளி வேறு, பேருந்து இருக்கை வேறு, தண்ணீர்க் குழாய் வேறு. கடையில் கறுப்பினப் பெண்ணின் காசை வாங்கிக்கொள்வார்கள். ஆனால் பல கடைகளில் அவள் தொப்பியைப் போட்டுப் பார்க்கவோ, உடையை உடுத்திப் பார்க்கவோ விட மாட்டார்கள். அந்தக் கடையில் அவள் மகனுக்குக் கூட்டித் துடைக்கிற வேலை கிடைக்கும், கல்லாவில் உட்காரும் வேலை கிடைக்காது. காசு ஒரே திசையில் போனது. இந்த நிலையில்தான் "நம் காசை நாமே ஏன் ஒன்று சேர்க்கக் கூடாது?" என்று சிலர் கேட்டார்கள்.

துணி வெளுப்பவரின் மகள் தொடங்கிய வங்கி

வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் மேகி லீனா வாக்கர் என்று ஓர் அம்மையார் இருந்தார். அவருடைய தாய் அடிமையாக இருந்து விடுபட்டவர், ஊரார் துணியை வெளுத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். மகளும் சின்ன வயதில் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனவர்தான். அவர் படித்து, ஆசிரியையாகி, நோயாளிக்கும் சாவு வீட்டுக்கும் உதவுகிற ஒரு பரஸ்பர உதவிச் சங்கத்தின் தலைமைக்கு வந்தார். 1902-ல் சங்கத்துக்கு ஒரு செய்தித்தாள் தொடங்கினார். 1903-ல் "செயின்ட் லூக் பென்னி சேமிப்பு வங்கி" என்ற வங்கியைத் தொடங்கினார். அமெரிக்காவில் அனுமதி பெற்று வங்கி தொடங்கிய முதல் கறுப்பினப் பெண் அவர்தான்.

வங்கியின் பெயரைக் கவனியுங்கள். பென்னி என்றால் ஒரு காசு. சில்லறைக் காசைக்கூட மரியாதையோடு வாங்கிக் கணக்கில் வைத்த வங்கி அது. வீட்டு வேலை செய்தவர்களும் துணி வெளுத்தவர்களும் புகையிலை ஆலைத் தொழிலாளிகளும் போட்ட காசிலிருந்து, அதே மக்களுக்கு வீடு வாங்கக் கடன் கொடுத்தது. 1930-களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியில் எத்தனையோ வங்கிகள் மூழ்கின. இந்த வங்கி மற்ற கறுப்பின வங்கிகளோடு இணைந்து தப்பிப் பிழைத்து, மேலும் பல பத்தாண்டுகள் நடந்தது.

ஆனால் அவர் தொட்டது எல்லாம் வெற்றி பெறவில்லை. 1905-ல் கறுப்பினப் பெண்கள் மரியாதையோடு துணிமணி வாங்கவும், கறுப்பினப் பெண்கள் விற்பனையாளராக வேலை செய்யவும் ஒரு பெரிய கடையைத் திறந்தார். வெள்ளை வணிகர்கள் அதை முளையிலேயே கிள்ளப் பார்த்தார்கள். இந்தக் கடைக்குச் சரக்குக் கொடுக்காதே என்று மொத்த வியாபாரிகளை நெருக்கினார்கள். அதைவிட வேதனை என்னவென்றால், சொந்த மக்களே போதிய அளவில் அங்கே வாங்க வரவில்லை. 1911-ல் கடை மூடப்பட்டது. இனவெறி என்பது ஒரு சிங்கம், நம் காசைக் கொண்டுபோய்க் கொட்டி அந்தச் சிங்கத்துக்கு நாமே தீனி போடுகிறோம் என்ற கருத்தில் அந்த அம்மையார் மனம் வெதும்பிப் பேசியிருக்கிறார்.

ஒரு கடையைத் திறப்பதற்குத் துணிச்சல் வேண்டும். அதை நிலைக்க வைப்பதற்கு வாரா வாரம் வருகிற வாடிக்கையாளர் வேண்டும். கைதட்டலால் கடை வாடகை கட்ட முடியாது.

டெட்ராய்ட் நகரத்துக் குடும்பத் தலைவிகள்

இங்கே தாய்மார்கள் அதிகம் பேர் வந்திருப்பதால், அடுத்த கதையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஆண்டு 1930, ஜூன் மாதம். மோட்டார் வாகன ஆலைகள் நிறைந்த டெட்ராய்ட் நகரம். பொருளாதாரம் சரிந்து, முதலில் வேலை போனது கறுப்பினத் தொழிலாளிகளுக்கு. அப்போது ஃபேனி பெக் என்ற பாதிரியாரின் மனைவி 50 பெண்களைத் தேவாலயத்தில் கூட்டினார். குடும்பத் தலைவிகள் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார். சேர விரும்புகிறவர் ஓர் உறுதிமொழி எடுத்தால் போதும். கறுப்பினத்தவரின் கடைகளை ஆதரிப்பேன், அவர்கள் தயாரித்த பொருளை வாங்குவேன், கறுப்பின மருத்துவர், வழக்கறிஞர் போன்றோரிடம் போவேன் என்பதுதான் அந்த உறுதிமொழி.

ஐந்தே ஆண்டுகளுக்குள் 50 பேர் 10 ஆயிரம் பேர் ஆனார்கள். அப்போது அந்த நகரத்தின் கறுப்பின மக்கள் தொகையே ஏறக்குறைய 1 லட்சத்து 20 ஆயிரம்தான். குழந்தை குட்டிகளையும் சேர்த்த கணக்கு இது. அப்படியானால் எத்தனை வீடுகளுக்குள் இந்தச் சங்கம் நுழைந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 1933-ல் அது நாடு தழுவிய அமைப்பாகவும் மாறியது.

அவர்கள் புரிந்துகொண்டது ஒரு சாதாரண உண்மை. சம்பளத்தைக் கொண்டு வருவது யாராக இருந்தாலும், வீட்டுக் காசை எங்கே செலவழிப்பது என்று முடிவு செய்வது பெரும்பாலும் பெண்கள்தான். அந்த முடிவைத் தனித்தனியாக எடுத்தால் அது வெறும் சாமான் வாங்குவது. பத்தாயிரம் பேர் சேர்ந்து எடுத்தால் அது ஒரு பலம். வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்து வேலை செய்தார்கள். எந்தக் கடை நம்மவருடையது, என்ன பொருள் கிடைக்கும் என்று அக்கம் பக்கத்துக்கு எடுத்துச் சொன்னார்கள். பொருட்காட்சிகள் நடத்தினார்கள். இன்னொரு பக்கம் ஃபேனி பெக்கின் கணவர் வணிகர்களுக்கென்று தனியாக ஒரு சங்கம் அமைத்தார். வாங்குகிறவர்களுக்கு ஒரு சங்கம், விற்கிறவர்களுக்கு ஒரு சங்கம்.

நம் கூட்டங்களில் நடப்பது என்ன? கடைக்காரர்கள் "நம்மவர்கள் நம்மிடம் வாங்குவதில்லை" என்று குறைப்படுவார்கள். வாங்குகிறவர்கள் "அங்கே விலை கூட, சரக்கு பழசு, பேச்சு சரியில்லை" என்று குறைப்படுவார்கள். இரண்டு குறையும் இரண்டு மூலையில் நிற்கும், ஒன்றோடொன்று பேசாது. அந்தப் பெண்கள் இரண்டையும் நேருக்கு நேர் உட்கார வைக்க ஒரு வழி கண்டார்கள்.

"வேலை தராத கடையில் வாங்காதே"

அதே காலத்தில் சிக்காகோ, நியூயார்க், வாஷிங்டன் முதலிய நகரங்களில் வேறொரு முழக்கம் எழுந்தது. "உனக்கு வேலை தராத கடையில் நீ வாங்காதே." கறுப்பின மக்கள் குடியிருக்கும் பகுதியில் கடை, வாங்குகிறவர்களும் கறுப்பின மக்கள், ஆனால் விற்பனை வேலைக்கு மட்டும் அவர்களை எடுக்க மாட்டார்கள். கடை வாசலில் பதாகை பிடித்து நின்றார்கள். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1934-ல் பல வாரங்கள் நடந்த மறியலுக்குப் பிறகு ஒரு பெரிய துணிக்கடை கறுப்பினப் பெண்களை விற்பனையாளராக எடுக்க ஒப்புக்கொண்டது. வாஷிங்டனில் கடை முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1938-ல் இப்படி அமைதியாக மறியல் செய்ய உரிமை உண்டு என்ற தீர்ப்பு வந்தது.

இதில் ஒரு கசப்பும் உண்டு. ஹார்லெமில் சிலர் இந்தப் போராட்டத்தை யூதக் கடைக்காரர்கள் மீதான வெறுப்புப் பேச்சாகத் திருப்பினார்கள். அது போராட்டத்துக்குக் கெட்ட பெயர் தந்தது, ஒற்றுமையையும் உடைத்தது. வேலை கேட்பது உரிமை. பக்கத்துக் கடைக்காரரின் பிறப்பைப் பழிப்பது உரிமை ஆகாது.

1955 டிசம்பரில் மாண்ட்கோமரி நகரில் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது. அங்கே பேருந்தில் ஏறுகிறவர்களில் நான்கில் மூன்று பங்கு கறுப்பின மக்கள். 381 நாள் அவர்கள் பேருந்தில் ஏறவில்லை. நடந்தார்கள், கார்களைப் பகிர்ந்துகொண்டார்கள். கார்களுக்குப் பெட்ரோல் போடக் காசு எங்கிருந்து வந்தது? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்மணி, பக்கத்து வீட்டுப் பெண்களைச் சேர்த்து, கோழி இறைச்சியும் கேக்கும் செய்து விற்று, வாரா வாரம் காசைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தக் குழுவுக்கு "எங்கிருந்தும் வராத சங்கம்" என்று பெயர். வெள்ளை முதலாளி வீட்டில் வேலை செய்யும் பெண்களின் பெயர் வெளியே வந்தால் வேலை போய்விடும். யாராவது காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கிருந்தும் இல்லை என்று சொல்லலாம். கில்மோர் அம்மையாருக்கு வேலை போகவே செய்தது. அப்போது மார்ட்டின் லூதர் கிங் சொன்ன யோசனைப்படி, தன் வீட்டு அடுப்படியையே சாப்பாட்டுக் கடையாக்கினார். போராட்டத் தலைவர்கள் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே திட்டம் போட்டார்கள்.

கிங் கொல்லப்படுவதற்கு முதல் நாள், 1968 ஏப்ரல் 3-ம் தேதி, மெம்ஃபிஸ் நகரில் கடைசியாகப் பேசினார். வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்த துப்புரவுத் தொழிலாளர்களுக்கு ஆதரவாக நடந்த கூட்டம் அது. அதில் அவர் வேலை உரிமையை மட்டும் பேசவில்லை. நியாயமாக ஆள் எடுக்காத நிறுவனங்களின் ரொட்டியையும் பாலையும் வாங்காதீர்கள், உங்கள் பணத்தைக் கறுப்பின வங்கியில் போடுங்கள், கறுப்பினக் காப்பீட்டு நிறுவனங்களை ஆதரியுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். கூலிப் போராட்டமும் கடைத்தெருப் போராட்டமும் அவருக்கு ஒன்றுதான்.

கடை மட்டும் இருந்தால் போதுமா?

போதாது. அதற்கு இரண்டு சாட்சிகள்.

முதல் சாட்சி ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரம். அங்கே கிரீன்வுட் என்ற பகுதியில் கறுப்பின மக்கள் கடை, விடுதி, மருத்துவமனை, திரையரங்கு, செய்தித்தாள் என்று ஒரு செழிப்பான கடைத்தெருவையே உருவாக்கியிருந்தார்கள். 1921 மே 31-லும் ஜூன் 1-லும் வெள்ளை இனவெறிக் கும்பல் அதைக் கொளுத்தியது. 35 தெருக்கட்டங்கள் சாம்பலாயின, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. இறந்தவர்கள் 300 பேர் வரை இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். காப்பீட்டு நிறுவனங்கள் இழப்பீடு தர மறுத்தன. போலீசும் சட்டமும் காக்கவில்லை.

இரண்டாவது சாட்சி அதே டெட்ராய்ட். நான் சொன்ன குடும்பத் தலைவிகள் ஆதரித்து வளர்த்த கடைகள் பல, பிளாக் பாட்டம், பாரடைஸ் வேலி என்ற பகுதிகளில் இருந்தன. அங்கே யாரும் தீ வைக்கவில்லை. நகர மேம்பாடு என்று பெயர் சொன்னார்கள், நெடுஞ்சாலை போட வேண்டும் என்றார்கள். 1950-களிலும் 1960-களிலும் வீடும் கடையும் இடிக்கப்பட்டன. குடியிருந்தவர்கள் சிதறினார்கள். வாடிக்கையாளர்கள் சிதறியதும் கடைகளும் செத்தன. வாடகைக்கு இருந்தவர்களுக்கு எந்தச் சொத்தும் மிஞ்சவில்லை. தோட்டம் துண்டாடப்பட்டதையும், லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னதையும் அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டிய அவசியமில்லை.

ஆகவே தோழர்களே, கடை வேண்டும், காக்கும் சட்டமும் வேண்டும். நிலத்தில் உரிமை வேண்டும். நகராண்மைக் கழகத்தில் நம் குரல் வேண்டும். ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால், ஒரு தலைமுறை கட்டியதை ஒரே கையெழுத்து அழித்துவிடும்.

இன்றைய நிலை

இன்று அமெரிக்க மக்கள் தொகையில் கறுப்பின மக்கள் ஏறக்குறைய 14 விழுக்காடு. ஆனால் 2022-ம் ஆண்டுக் கணக்குப்படி, ஊழியர்களை வைத்து நடத்தும் நிறுவனங்களில் கறுப்பினத்தவர் கையில் இருப்பவை சுமார் 1 லட்சத்து 95 ஆயிரம்தான். அது மொத்தத்தில் 3 விழுக்காடு அளவே. அதே ஆண்டில் நாட்டின் மத்திய வங்கி எடுத்த ஆய்வில், நடுத்தர நிலையில் உள்ள வெள்ளைக் குடும்பத்தின் சொத்து மதிப்பு 2 லட்சத்து 85 ஆயிரம் டாலர், கறுப்பினக் குடும்பத்தின் சொத்து மதிப்பு 44,900 டாலர். ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

2009-ல் சிக்காகோவுக்குப் பக்கத்தில் மேகி ஆண்டர்சன் என்ற பெண்மணி, கணவரோடும் இரண்டு சின்னப் பெண் குழந்தைகளோடும் ஒரு சோதனையில் இறங்கினார். ஓராண்டு முழுவதும் முடிந்தவரை கறுப்பினத்தவர் கடையில் மட்டுமே வாங்குவது என்று முடிவு செய்தார். அனுபவத்தைப் பிறகு 2012-ல் புத்தகமாக எழுதினார். பெரிய பட்டணம், கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் வாழும் இடம். ஆனாலும் காய்கறி, பால், குழந்தைக்கு உடை போன்ற அன்றாடச் சாமான் வாங்கவே வெகுதூரம் அலைய வேண்டியிருந்தது. தேடிப் பிடித்த ஒரு நல்ல மளிகைப் பேரங்காடியும் இடையிலேயே மூடப்பட்டுவிட்டது. இதற்காக அந்தக் குடும்பத்தை இனவெறியர் என்று திட்டிக் கடிதம் எழுதியவர்களும் உண்டு.

2020-ல் கோவிட் பரவலில் முதலில் மூடியதும் இத்தகைய சிறு கடைகள்தாம். அந்த ஆண்டு பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் கறுப்பினத்தவர் நடத்திய தொழில்களில் 41 விழுக்காடு செயலற்றுப் போனதாக ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆண்டு மே 25-ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ்காரர் ஒருவரால் கொல்லப்பட்டார். நாடே கொதித்தது. கடை அலமாரியில் 15 விழுக்காட்டைக் கறுப்பினத்தவர் தயாரிப்புக்கு ஒதுக்குங்கள் என்று ஆரோரா ஜேம்ஸ் என்ற பெண் தொழில்முனைவர் ஓர் இயக்கம் தொடங்கினார். பெரிய நிறுவனங்கள் வரிசையில் நின்று வாக்குறுதி கொடுத்தன.

வாக்குறுதி நிலைத்ததா? 2025 ஜனவரியில் டார்கெட் என்ற மாபெரும் பேரங்காடி நிறுவனம், இன வேற்றுமையைக் களையும் தன் திட்டங்கள் பலவற்றை நிறுத்துவதாக அறிவித்தது. கறுப்பினப் பாதிரியார்கள் மார்ச் மாதத் தவக்காலத்தில் 40 நாள் புறக்கணிப்பை நடத்தினார்கள். ஆனால் ஒரு சிக்கல் எழுந்தது. அந்தக் கடை அலமாரியில் கறுப்பினச் சிறு உற்பத்தியாளர்களின் பொருளும் இருக்கிறதே, கடையைப் புறக்கணித்தால் முதலில் அடிபடுவது நாங்கள்தானே என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. மற்றவன் அலமாரியில் இடம் கிடைப்பதும், சொந்தமாக ஓர் அலமாரி இருப்பதும் ஒன்றல்ல என்பதை அது காட்டியது.

முடிக் கதை

இதில் நமக்கே ஒரு தொடர்பு உண்டு. திருப்பதியிலும் தமிழ்நாட்டுக் கோயில்களிலும் பக்தர்கள் காணிக்கையாகத் தரும் முடி ஏலம் விடப்படுகிறது. அது ஏற்றுமதியாகி, ஆலைகளில் சவுரியாகவும் ஒட்டுமுடியாகவும் மாறி, உலகச் சந்தைக்குப் போகிறது. அமெரிக்காவில் அதன் முக்கிய வாடிக்கையாளர்கள் கறுப்பினப் பெண்கள். ஆனால் அந்தப் பொருளை விற்கும் கடைகளில் பெரும்பாலானவை கறுப்பினத்தவருடையவை அல்ல, அவற்றை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் கொரியக் குடியேறிகள். முடி கொடுத்த ஏழைப் பெண்ணுக்குக் காசில்லை. வாங்கி அணியும் பெண்ணின் சமூகத்துக்கும் அந்தக் காசு திரும்புவதில்லை. லாபம் நடுவில் நிற்கிறது. நடுவில் நிற்பவர்கள் திருடர்கள் அல்லர். அவர்களும் பாடுபட்டுக் கடை நடத்துகிறவர்கள்தான். ஆனால் வாங்குகிற கூட்டமாக மட்டுமே இருக்கிறவர்களுக்கு மிஞ்சுவது ரசீது மட்டும்தான் என்பதை இந்தக் கதை காட்டுகிறது.

இரண்டு கேள்விகள்

முதல் கேள்வி. இப்படி வாங்கினால் ஏழ்மை தீர்ந்துவிடுமா? தீராது. கறுப்பின அறிஞர்களே இதைச் சொல்கிறார்கள். "கறுப்பின மக்களின் வாங்கும் சக்தி இத்தனை லட்சம் கோடி" என்று மேடைகளில் முழங்குவதை ஜாரெட் பால் என்ற பேராசிரியர் 2020-ல் எழுதிய நூலில் கடுமையாக மறுத்தார். செலவழிப்பது செல்வம் ஆகாது, மக்களின் வறுமைக்கு அவர்களின் செலவுப் பழக்கத்தையே குற்றம் சொல்வது அநியாயம் என்பது அவர் வாதம். ஒரு டாலர் கறுப்பினச் சமூகத்தில் ஆறு மணி நேரம்தான் தங்குகிறது என்ற பேச்சும் ஊரெல்லாம் பரவியிருக்கிறது. அதற்கு உறுதியான ஆய்வு ஆதாரம் கிடையாது. இப்படிப்பட்ட எண்களை நாம் நம் மேடையில் சொல்லக் கூடாது. குறைந்த சம்பளம், மறுக்கப்பட்ட வங்கிக் கடன், பறிக்கப்பட்ட நிலம் இவற்றுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியது அரசாங்கமும் முதலாளிகளும். சாமான் வாங்குகிற அம்மாவின் தலையில் அந்தப் பாரத்தை ஏற்றக் கூடாது.

இரண்டாவது கேள்வி. இது இனவாதம் இல்லையா? நம் நாட்டில் 2019-ல் முஸ்லிம் பொருள்களுக்கு முதலிடம் என்ற இயக்கம் நடந்தபோது நம்மில் பலர் மனம் வருந்தினோமே, அதுவும் இதுவும் ஒன்றா? நேர்மையாகப் பார்க்க வேண்டும். மூடிய கதவைத் திறக்கக் கேட்பது வேறு, பிறர் முகத்தில் கதவைச் சாத்துவது வேறு. டெட்ராய்ட் பெண்கள் ஆட்சி பலம் கையில் இல்லாதவர்கள், கடன் மறுக்கப்பட்டவர்கள். அவர்கள் நம்மவரைத் தூக்கி விடுவோம் என்றார்கள். இந்த எல்லையைத் தாண்டி, அடுத்தவன் பிழைப்பில் மண்ணைப் போடு என்று யார் சொன்னாலும், அது நம்மவராகவே இருந்தாலும், அது தவறுதான். கறுப்பினத்தவர் கடையில் இன்று வெள்ளையரும் ஆசியரும் வாங்குகிறார்கள். கடைக்காரர் எல்லாரையும் வரவேற்கிறார். நல்ல கடைக்கு அடையாளம் அதுதான்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

இதெல்லாம் அவர்கள் கதை, நமக்கு இப்படி எதுவும் உண்டா என்று இளைஞர்கள் கேட்கலாம். உண்டு. சுதந்திரத்துக்குப் பின் வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, 1960-ல் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பால்மரம் வெட்டிய நம் தாத்தா பாட்டிகள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்தார்கள். அந்தக் காசில் தோட்டங்களே வாங்கப்பட்டன. ரிச்மண்ட் நகரத்து அம்மையாரின் பெயரையே அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் இரண்டு இடத்திலும் ஏழைகள் ஒரே வழியைத்தான் கண்டார்கள்.

வாங்குகிற நமக்குச் சில வார்த்தைகள். எல்லாச் சாமானையும் மாற்ற வேண்டாம், யாராலும் முடியாது. ஒன்றிரண்டை மட்டும் மாற்றிப் பாருங்கள். மாவு, முடிதிருத்தம், தையல், பூ எதுவாகவும் இருக்கட்டும். தெரிந்தவர் கடை என்று விலையை அடித்துக் கேட்காதீர்கள். பேரங்காடியில் பேரம் பேச மாட்டோம், நம்மவரிடம் மட்டும் ஏன்? 555 புத்தகத்தில் எழுதச் சொல்லிவிட்டு, சம்பளம் வந்ததும் ரொக்கத்தோடு பேரங்காடிக்குப் போகாதீர்கள். சிறு கடையைக் கொல்வது பெரும்பாலும் இந்தக் கடன்தான். குறை இருந்தால் ஊரெல்லாம் சொல்லாமல் கடைக்காரரிடம் நேரில் சொல்லுங்கள். திருத்த ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.

கடை நடத்துகிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் சொல்கிறேன். இனப்பற்று கெட்டுப்போன பருப்பை விற்க உதவாது. விலையை எழுதி ஒட்டுங்கள், எடை சரியாக இருக்கட்டும். முக்கியமாக, உங்கள் கடையில் வேலை செய்யும் பிள்ளைக்குச் சட்டப்படியான சம்பளமும் சேமநிதியும் சொக்சோவும் கட்டுங்கள். அந்தப் பிள்ளை எந்த நாட்டிலிருந்து வந்தவனாக இருந்தாலும் சரி. நம்மவர் கடை என்று வாங்க வருகிற தொழிலாளி, உள்ளே இன்னொரு தொழிலாளி சுரண்டப்படுவதைப் பார்த்தால் எந்த முகத்தோடு அங்கே காசு கொடுப்பார்?

ஒரே ஒரு காரியத்தை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மாதம் முழுவதும், வீட்டுச் செலவில் எந்தக் காசு எந்தக் கடைக்குப் போனது என்று ஒரு புத்தகத்தில் எழுதி வையுங்கள். யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம், எழுதினால் போதும். மாதக் கடைசியில் அக்கம் பக்கத்து ஐந்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து அதைப் பாருங்கள். இதில் எதை நம் தெருவிலேயே வாங்கலாம், எதை நாமே செய்து விற்கலாம், எந்தக் கடையில் நம் பிள்ளைக்கு வேலை கேட்கலாம் என்று பேசுங்கள். டெட்ராய்டில் தொடங்கியதும் 50 பேர்தான்.